காத்தான்குடி ரோட்டு பிரிண்ட் கடை: மக்குக்கு ஓம், டீசேர்ட்டுக்கு யோசிப்பம், பிளெக்ஸுக்கு ஏலா

கடைட பேர் போடாம ரிவியூ எழுதினா அது என்ன ரிவியூ எண்டு கேப்பீங்க, நியாயம்தான், ஆனா கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மார எங்கட பக்கம் அப்பிடித்தான் கூப்பிடுவம்) எங்கக்கிட்ட கேட்ட ஒரே விசயம் அதுதான், ஏன் கேட்டாரு எண்டது போகப்போக விளங்கும். மட்டக்களப்பு ரவுண்ல இருந்து கல்லடிப் பாலம் தாண்டி, மஞ்சந்தொடுவாய் கடந்து, ரோட்டு நடுவுல ஈச்சமரம் நிக்கிற முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கு வந்தா அந்த மெயின் ரோட்டிலயும் உள்ளுக்குப் போற ஒழுங்கைகள்லயும் பிரிண்ட் கடை நிறைய. அதுல ஒண்டு. இதுக்கு மேல அடையாளம் கேக்காதீங்க.

நாங்க ஒரு சின்ன நாடக செட். ரெண்டு டீச்சர், பேங்க்ல வேலை செய்யுற ஒராள், த்ரீவீல் ஓட்டுற ஒராள், கெம்பஸ் பிள்ளைகள் கொஞ்சப்பேர், தமிழும் முஸ்லிமும் கலந்த செட். கூத்துல வாற கட்டியகாரன் மாதிரி ஒராள வெச்சு ஊர் விசயம், அரசியல், சீதனம், கடன், எலெக்சன் எல்லாத்தயும் பகிடி பண்ணி ஒரு மணித்தியாலம் போடுவம். இந்தமுறை எடுத்த சப்ஜெக்ட் கொஞ்சம் பாரம், சாகச் சொல்லி ஆக்கள அனுப்புறவன் பத்தின பகிடி. அதுக்கு செட்டுக்கெல்லாம் டீசேர்ட், செலவுக்குக் காசு சேர்க்க விக்கிறதுக்கு மக் (படம் போட்ட தேத்தண்ணிக் கோப்பை), மேடைக்குப் பின்னால கட்ட ஒரு பிளெக்ஸ், இவ்வளவும்தான் ஓடர்.

முதல்ல சாமானப் பத்திச் சொல்லிர்றன், அதுக்குத்தானே வந்திருப்பீங்க.

டீசேர்ட் 180 ஜிஎஸ்எம் கறுப்பு கொட்டன். நாங்க போகக்குள்ள சப்ளிமேசன்ல, அதாவது சூட்டில மையத் துணிக்குள்ள இறக்கி, அடிச்சா மலிவு எண்டு யாரோ சொன்னதக் கேட்டுட்டுப் போனம், நானா உடன சொன்னாரு, தம்பி அது வெள்ளை பொலியெஸ்டருக்குத்தான் சரி, கறுப்பு கொட்டன்ல ஒண்டும் தெரியாது, டிடிஎஃப் போடுங்க, பிலிம்ல அடிச்சு சூட்டில துணியில ஒட்டுறது, காசு கூட ஆனா எழுத்து நிக்கும் எண்டு. விக்கிறதுக்காகச் சொல்ற கதையில்ல, இயந்திரத்தக் காட்டி பழைய சாம்பிள் ரெண்டத் தடவிப் பாக்கத் தந்துதான் சொன்னாரு. பிரிண்ட் நல்ல வெள்ளை, ஓரம் கூர்மை, கைக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டின மாதிரித்தான் இருக்கும், அது டிடிஎஃப்ட குணம், இவர்ட பிழையில்ல. உள்பக்கம் வெளிய வாற மாதிரித் திருப்பித் தோயுங்க, எழுத்துக்கு மேல நேரா அயன் பிடிச்சிராதீங்க. எங்கட ஒண்டுல மட்டும் மூலை கொஞ்சம் கிளம்பிச்சு, கொண்டுபோய்க் குடுத்தா திரும்ப ஹீட் பிரஸ்ல வெச்சு அமத்தித் தந்தாரு, காசு வாங்கல்ல.

தமிழ் எழுத்து விசயத்தில மட்டும் கவனம். வட்ஸ்அப்ல யூனிகோட்ல அனுப்பினா அவங்க பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்டுக்கு மாத்தித்தான் டிசைன் போடுறாங்க, மாத்தக்குள்ள கொம்பும் காலும் இடம் மாறும். அடிக்க முதல் ப்ரூஃப் கேட்டு ஒவ்வொரு எழுத்தா வாசிங்க. மூண்டே மூண்டு சொல்லுள்ள எங்கட வாசகத்திலயே ஒரு கொம்பு காணாமப் போயிருந்திச்சு.

வாசகம் இதுதான்: பகிடிக்குப் பிணை இல்ல.

வாசிச்சதும் நானா சிரிச்சாரு. விளக்கம் சொல்லத் தேவைப்படல்ல, அந்தச் சட்டத்த எங்கள விட அவருக்கு நல்லாத் தெரியும், பிரிண்ட் அடிக்கிறவனுக்குத் தெரிஞ்சிருக்கத்தானே வேணும். 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம், அதாவது குடியியல் அரசியல் உரிமைகள் பத்தின சர்வதேச உடன்படிக்கைச் சட்டம், 3ஆம் பிரிவு. பேர் பாத்தா மனித உரிமைய காக்க வந்த சட்டம். இனம் மதம் சொல்லி வெறுப்பத் தூண்டி அடிதடிக்கு ஆள் சேர்க்கிறவனப் பிடிக்கத்தான் எழுதினது. ஆனா அதுல பிடிச்சா மஜிஸ்ட்ரேட் பிணை குடுக்கேலாது, ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும், அதாவது குற்றம் செஞ்சியா இல்லையா எண்டு பாக்க முதலே கிழமைக் கணக்கா உள்ளுக்கு. 2019 ஏப்ரல்ல ஒரு பௌத்த விகாரை சம்பந்தமா சிறுகதை எழுதினதுக்கு சக்திக சத்குமார உள்ளுக்குப் போனாரு, வெளிய வந்தது ஓகஸ்ட்ல. 2023 மே மாசம் ஸ்டாண்ட் அப் மேடையில சொன்ன பகிடிக்கு நதாஷா எதிரிசூரியவ எயார்போர்ட்ல வெச்சுப் பிடிச்சாங்க, பிணை ஜூலையில. அதே சட்டம் 2018ல கண்டிப் பக்கம் திகனயில முஸ்லிம் கடைகள எரிச்சுக்கிட்டு வந்த கூட்டத்துக்கு முன்னால என்ன செஞ்சிது எண்டு யோசிச்சுப் பாருங்க, கதை எழுதினவனயும் பகிடி விட்டவளயும் எவ்வளவு கெதியாப் பிடிச்சிது எண்டும் பாருங்க. சட்டம் எழுதினதில பிழையில்ல, அதத் தூக்கிப் பிடிக்கிற கைதான் ஒரே பக்கம் சாயுது எண்டது என்ட கருத்து.

இந்த டீசேர்ட்டுக்கு நானா கழுத்துக்குள்ள தன்ட கடை முத்திரையும் அடிச்சுத் தந்தாரு, கேக்காமலே. அது முக்கியம். இந்தக் கடையில பிளெக்ஸ் எண்டா கீழ் மூலையில, டீசேர்ட் எண்டா கழுத்துக்குள்ள, மக் எண்டா அடியில கடைப் பேரும் நம்பரும் போடுறது வழக்கம், விளம்பரம்தானே. கடைப் பேரோட அடிக்கிறது, பேர் இல்லாம அடிக்கிறது, அடிக்கவே மாட்டன் எண்டு சொல்றது, இப்பிடித்தான் அவர்ட கணக்கு. ஒரு பகிடி எவ்வளவு தூரம் போகலாம் எண்டு கோர்ட்ல வக்கீல்மார் மணிக்கணக்காக் கதைக்கிறத இந்தாள் ஒரு மூலையில இருக்கிற சின்ன எழுத்துல தீர்த்துருவாரு.

மறுகா மக்.

மக்ல எங்கட படம் ஒரு பஸ் கண்டக்டர். தோள்ல பை, விரலுக்கிடையில மடிச்ச நோட்டு, ஃபுட்போர்ட்ல ஒரு கால், மற்றக் கால் தரையில. வாயில இருந்து வாற எழுத்து: சொர்க்கம் சொர்க்கம் சொர்க்கம், நேரே சொர்க்கம், இடையில நிப்பாட்டம் இல்ல, ரெண்டு சீட் இருக்கு ஏறுங்க. பஸ்ஸுக்குள்ள எல்லாம் சின்னப் பொடியன் பெட்டையள். பஸ் வெளிக்கிட்டதும் கண்டக்டர் இறங்கி டீ குடிக்கப் போறான், அது மக்ட மற்றப் பக்கம்.

படம் கீறின பிள்ளை முதல்ல கண்டக்டருக்குத் தாடியும் தொப்பியும் போட்டுத்தான் வெச்சிருந்தான். செட்ல இருக்கிற ஏறாவூர் முஸ்லிம் பொடியன் பாத்துட்டு ஒரு சத்தமும் போடல்ல, மச்சான் தொப்பிய எடுத்தா பகிடி குறையுமா எண்டு மட்டும் கேட்டான். எடுத்துப் பாத்தம். கூடிச்சு. தொப்பி இருக்கிற வரைக்கும் அந்தப் படத்தில கண்டக்டர் எண்ட ஆளே இல்ல, பாக்கிறவன் கண்ணுக்கு முழுக் காத்தான்குடியும்தான் தெரியும். தொப்பி போனதும்தான் ஏத்திவிட்டு இறங்கிப் போறவன்ட அந்தக் கள்ளத்தனம் தெரியத் தொடங்கிச்சு.

இதச் சும்மா நல்லெண்ணம் எண்டு நினைக்காதீங்க. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு ரவுண்ல சீயோன் தேவாலயத்தில தற்கொலைக் குண்டு வெடிச்சது எங்கட பிள்ளைகள்ட நடுவுல. ஞாயிறுப் பள்ளி முடிஞ்சு வந்த பிள்ளைகள். அதச் செஞ்சவங்கட தலைவன் சஹ்ரான் காத்தான்குடிக்காரன். அதனால அவனப் பகிடி பண்ற உரிமை யாருக்காவது இருக்கெண்டா அது முதல்ல மட்டக்களப்புத் தமிழனுக்குத்தான் எண்டு எங்கட செட்லயே ஒராள் வாதாடினாரு, எனக்கும் அந்த வாதத்தில நியாயம் தெரிஞ்சிது. ஆனா இன்னொண்டும் இருக்கு. அவன் கூட்டத்திட அடியில முதல்ல மாட்டினது காத்தான்குடி ஆக்களேதான். 2017 மார்ச்ல அலியார் சந்தியில சூஃபி வழி முஸ்லிம் ஆக்களோட வாள் கத்தியோட மோதி, அதுக்குப் பிறகுதான் அவன் ஊர விட்டு ஓடித் திரிஞ்சான். ஊர் ஆக்கள் அவனப் பத்தி முறைப்பாடு குடுத்ததும் இருக்கு, மேல இருந்தவங்க கணக்கெடுக்கல்ல. அப்ப அவன எதிர்த்த ஆக்கள்ட தொப்பிய அவன்ட தலையில வெச்சுப் படம் கீறினா அது யாருக்கு விழுற அடி?

நானா படத்த கம்பியூட்டர்ல பெரிசாக்கிப் பாத்துட்டு கொஞ்ச நேரம் சிரிச்சாரு. பிறகு தந்த பதில்தான் இந்த ரிவியூக்குத் தலைப்பு. மக்ல அடிப்பன், அடியில கடைப் பேர் வராது. டீசேர்ட்ல எண்டா யோசிச்சுச் சொல்றன். பிளெக்ஸ்ல ஏலா.

ஏன் நானா, ஒரே படம்தானே எண்டன்.

தம்பி, மக் வீட்டுக்குள்ள இருக்கும், வாங்கினவன் மட்டும்தான் பாப்பான். டீசேர்ட் நீங்க போட்டுக்கிட்டுப் போறது, அடி விழுந்தா உங்கட முதுகுலதான் விழும், அது உங்கட முடிவு. பிளெக்ஸ் சந்தியில நிக்கும், பிள்ளையப் பறிகுடுத்த தாயும் அதால போவா, பள்ளிவாசலுக்குப் போறவனும் போவான், ஆமிக்காரனும் போவான், அவங்க யாரும் பாக்கக் கேக்கல்லயே.

நான் வாசிச்ச எந்தக் கட்டுரையிலயும் இவ்வளவு சுருக்கமா யாரும் சொல்லல்ல, உண்மையாத்தான். நபியக் கார்ட்டூனாக் கீறின பிரான்ஸ் பகிடிப் பத்திரிகை சார்லி ஹெப்டோட கதைய எடுங்க. சாதாரணமா 60,000 பிரதி அடிக்கிற பத்திரிகை, விருப்பமானவன் காசு குடுத்து வாங்குறது, அதாவது நானாட கணக்கில மக். 2015 ஜனவரி 7 அதுட ஓபிஸுக்கு ரெண்டு பேர் துவக்கோட போய் 12 பேரக் கொன்னாங்க. செத்ததுல பத்திரிகைக்குப் பிழை திருத்துற முஸ்தபா உராத் அல்ஜீரியாவில பிறந்தவர், வெளிய றோட்டில சுடப்பட்ட பொலிஸ்காரர் அஹமத் மெராபெத் முஸ்லிம். அடுத்த கிழமை அதே பத்திரிகை லட்சக்கணக்கில அடிச்சு உலகமெல்லாம் போச்சு, மக் பிளெக்ஸ் ஆகிச்சு. கொலைகாரன்தான் அதுக்கு விளம்பரக்காரன். எனக்கு அந்தப் பத்திரிகைட பகிடிகள் பாதிக்கு மேல பிடிக்காது, சிலது வெறும் அசிங்கம், ஆனா பிடிக்காத பகிடிக்குப் பதில் துவக்கு எண்டவனோட கதைக்க ஒண்டுமில்ல.

நானே சார்லி எண்ட அந்தக் கறுப்பு வெள்ளை வாசகம் அப்ப டீசேர்ட்லயும் மக்லயும் வந்தது ஞாபகம் இருக்கா, அத ட்ரேட்மார்க் எடுக்கக்கூட ஆக்கள் விண்ணப்பம் போட்டாங்க, பிரான்ஸ் அலுவலகம் ஏலா எண்டு தள்ளிட்டுது. ரத்தம் காய முதல் வியாபாரம். அதே கிழமை பகிடிக்காரன் தியூதொனே, நான் சார்லி கூலிபாலி மாதிரி உணர்றன் எண்டு ஃபேஸ்புக்ல போட்டதுக்கு பொலிஸ் பிடிச்சு விசாரிச்சுது, கூலிபாலி எண்டது யூதக் கடையில ஆக்களக் கொன்னவன்ட பேர். அவன் போட்டது கேவலமான பகிடி, சந்தேகமே இல்ல. ஆனா கருத்துச் சுதந்திரத்துக்கு ஊர்வலம் போன அதே கிழமையில ஒரு வசனத்துக்கு ஆளப் பிடிச்சது எனக்கு இண்டைக்கும் செரிக்குதில்ல.

நானாட கணக்கிலயும் ஓட்டை இருக்கு, அத அவருக்கிட்டயே சொன்னன். 2020 ஒக்டோபர்ல கொல்லப்பட்ட பிரான்ஸ் வாத்தியார் சாமுவேல் பாத்தி, சார்லி ஹெப்டோட நபி கார்ட்டூனச் சந்தியில கட்டல்ல. வகுப்புக்குள்ள, பேச்சுச் சுதந்திரம் பத்தின பாடத்தில, பாக்க விருப்பமில்லாத பிள்ளைகள் பாக்கத் தேவையில்ல எண்டு சொல்லிட்டுக் காட்டினாரு. அண்டைக்கு வகுப்புக்கே வராத ஒரு பிள்ளை வீட்ட போய்ச் சொன்ன கதையக் கேட்டு தகப்பன் வீடியோ போட்டு, அந்த வீடியோ எங்கயோ இருந்தவன் கையில கத்தியக் குடுத்திச்சு. வகுப்புக்குள்ள இருந்தத ஃபோன் பிளெக்ஸ் ஆக்கிப் போட்டுது. டென்மார்க்ல நபியக் கீறின கார்ட்டூனும் அப்பிடித்தான், 2005 செப்டெம்பர்ல அங்கத்த பத்திரிகையில வந்தது, ஆக்கள் செத்தது அடுத்த வருசம் வேற நாடுகள்ல. இப்ப மக் எண்டும் பிளெக்ஸ் எண்டும் பிரிக்கேலாது நானா, ஒராள் ஃபோட்டோ எடுத்தா முடிஞ்சுது எண்டன். அதுக்குத்தான் அடியில கடைப் பேர் போடல்ல எண்டாரு.

பயந்தாங்கொள்ளி எண்டு நினைச்சிராதீங்க. 2019 மே மாசம் ஹசலக பக்கம் ஒரு முஸ்லிம் பொம்பிளை கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டை உடுத்ததுக்கு, அது பௌத்தத் தர்மச்சக்கரம் எண்டு சொல்லிப் பிடிச்சு ரெண்டு கிழமைக்கு மேல உள்ளுக்கு வெச்சாங்க, அதும் அதே ஐசிசிபிஆர் சட்டத்தில. அவ பகிடியும் விடல்ல, கருத்தும் சொல்லல்ல, சட்டை மட்டும்தான் போட்டா. அந்தத் துணிய அடிச்சவன் யாரெண்டு யாரும் தேடினதா நான் கேள்விப்படல்ல, தேடியிருந்தா? அத ஒரு பிரிண்ட்காரன் எப்பிடி வாசிப்பான் எண்டு யோசிங்க. அஹ்னாஃப் ஜஸீம்ட கதை இன்னும் மோசம். கவிதை எழுதின மன்னார்ப் பொடியன், கவிதைல தீவிரவாதத்த எதிர்த்துத்தான் எழுதியிருந்தான், அதத் தமிழ் தெரியாத ஆக்கள் தீவிரவாதம் எண்டு முடிவெடுத்து 2020 மேயில பயங்கரவாதத் தடைச் சட்டத்தில போட்டு, பிணை வந்தது 2021 டிசம்பர்ல, குற்றமில்ல எண்டு கோர்ட் விட்டது 2023 டிசம்பர்ல. தீவிரவாதிய எதிர்த்து எழுதினவனயே தீவிரவாதி எண்டு பிடிச்சா, தீவிரவாதியப் பகிடி பண்ற மக்குக்கு யார் பேர் போடுவான்.

அடிக்கவே மாட்டன் எண்ட கதைக்கு வருவம். நாங்க இருக்கக்குள்ளயே ஒராள் ஃபோன்ல ஒரு மீம் காட்டி இத டீசேர்ட்ல அடிச்சுத் தாங்க எண்டான். பிரியாணிச் சட்டிக்குள்ள குண்டு, பக்கத்தில அபாயா போட்ட பொம்பிளை. நானா மரியாதையா, இது இங்க அடிக்கிறதில்ல தம்பி, வேற கடை பாருங்க எண்டாரு. அவன் எங்களப் பாத்து, நீங்க மட்டும் பகிடி அடிக்கலாம் நாங்க அடிக்கேலாதா, கருத்துச் சுதந்திரம் இல்லயா எண்டு கேட்டுட்டுப் போனான். கேள்வி நல்ல கேள்விதான். என்ட பதில்: அவனப் பிடிச்சு உள்ளுக்குப் போடக்கூடாது, ஆனா அந்தப் பெண்ணுட வாப்பாவோ நானாவோ நிக்கிற கடையில அத அடிச்சுக் குடு எண்டு கேக்க அவனுக்கு உரிமை இல்ல. அடிக்க மாட்டன் எண்டு கடைக்காரன் சொல்றதும் கருத்துத்தான்.

அதே நானா அம்பாறப் பக்கத்தில ஒரு கொத்துக் கடைக்கு அடிச்ச போர்டின்ட ஃபோட்டோவ ஃபோன்ல பெருமையாக் காட்டினாரு. எங்கட கொத்துல இருக்கிறது மா, முட்டை, மரக்கறி. பிள்ளை பிறந்தா கடை பொறுப்பில்ல. அது எங்க இருந்து வந்த பகிடி எண்டு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். 2018 பெப்ரவரில அம்பாற ரவுண்ல ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கறிக்குள்ள இருந்த மாக்கட்டியப் பாத்து மலட்டு மாத்திரை எண்டு சண்டை பிடிச்சு, கடையயும் பள்ளிவாசலயும் உடைச்சாங்க. கடைசியில அரச பகுப்பாய்வாளர் பரிசோதிச்சுப் பாத்தா வெறும் மா. அடி வாங்கின ஆக்களே அந்தக் கதையத் தூக்கி போர்ட்ல போட்டுச் சிரிச்சா அதுக்கு முன்னால எவன் நிப்பான்? அந்த போர்டில கீழ் மூலையில கடைப் பேர், நம்பர் எல்லாம் கொட்டை எழுத்தில.

சரி, இதெல்லாம் முஸ்லிம் பக்கத்துக் கதை எண்டு ஆறுதலா இருந்திராதீங்க. மக்க வீட்ட கொண்டுவந்து மேசையில வெச்சன். பெரியம்மா கண்ணாடி போட்டு எழுத்தெல்லாம் வாசிச்சு, பஸ்ஸுக்குள்ள இருக்கிற பிள்ளைகளப் பாத்து, இது பொடியன்களப் பத்தியா எண்டு கேட்டா. பொடியன்கள் எண்டா அவவுக்கு இயக்கம், புலிகள். நான் இல்ல பெரியம்மா எண்டு சொல்ல வாயத் திறந்தன், வரல்ல, ஏனெண்டா அவ வாசிச்சதிலயும் பிழையில்ல. 2004ல கிழக்குத் தளபதி கருணா புலிகள விட்டுப் பிரிஞ்ச பிறகு இந்த மாவட்டத்தில ரெண்டு பக்கமும் பிள்ளைகளப் பிடிச்சது யுனிசெஃப் வரைக்கும் பதிஞ்ச விசயம், எங்கட குடும்பத்திலயும் ஏறின பிள்ளை உண்டு. இதக் கண்ட ஆக்களுக்கெல்லாம் வித்துத் திரியாத எண்டா பெரியம்மா. செட்ல தமிழ்ப் பக்கம் ஒராள் இதக் கேட்டுட்டு, நாங்க நினைச்சது சஹ்ரான, இத இயக்கத்தோட சேர்க்கிறது துரோகம், ஒரு தொப்பிய வெச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது எண்டாரு. இந்தக் கடைசி வசனத்த அப்பிடியே விடுறன், நீங்களே வாசிங்க.

நாங்களும் சுத்தமில்ல எண்டதுக்கு வேற சாட்சி தேவையில்ல. யாழ்ப்பாணக் கெம்பஸ் டொக்டர் ராஜினி திராணகம 1989ல சுடப்பட்டது பகிடிக்கில்ல, உள்ளத உள்ளபடி எழுதினதுக்கு. கவிஞர் செல்விய 1991ல புலிகள் கொண்டுபோனவங்க, பிறகு அவ வரவே இல்ல. இந்த ரவுண்ல பத்திரிகைக்காரர் ஐயாத்துரை நடேசன 2004 மே 31 பட்டப்பகல்ல வேற கைகள் சுட்டிச்சு. கொழும்பில கார்ட்டூன் கீறின பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரியில காணாமப் போனாரு. ஒவ்வொரு பக்கமும் தன்ட துவக்கக் காட்டி வாயப் பொத்தின ஊர் இது, இப்ப மற்றப் பக்கத்துக் கொலைகாரன மட்டும் பாத்துச் சிரிக்க எங்களுக்குச் சரியான சுகம். 1990 ஓகஸ்ட் 3 இந்தக் காத்தான்குடியிலயே ரெண்டு பள்ளியில தொழுதுகிட்டு நிண்ட நூறு பேருக்கு மேல கொல்லப்பட்டாங்க, மீரா ஜும்மா பள்ளிச் சுவர்ல வெடி பட்ட அடையாளம் இப்பயும் இருக்கு. அந்த ரோட்டால போய்த்தான் நாங்க மக் அடிச்சிட்டு வந்தம்.

எங்கட ஆக்களுக்கு நக்கல் தெரியாதெண்டில்ல. கண்ணகை அம்மனுக்கு ஊர் ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு கொம்பு இழுக்கிற கொம்புமுறி நடக்கக்குள்ள வடசேரியும் தென்சேரியும் ஒராள ஒராள் வசை பாடினது காது கூசும், குடும்பத்த இழுத்து, குலத்த இழுத்து. ஆனா நீ பாடினா அடுத்த முறை நான் பாடுவன், என்ட பாட்ட நீ நிண்டு கேட்டாகணும். திரும்பப் பாட வாயிருக்கிறவனோடதான் அந்த வசை. இந்த மக்க காத்தான்குடிக்காரன் ஒராள் கீறி, எங்கட ஆக்கள வெச்சுப் பகிடி பண்ணி, அத ரவுண்ல ஒரு தமிழ்க் கடையில அடிக்கக் குடுத்தா நாங்க சிரிப்பமா எண்டு செட்ல கேட்டன். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கல்ல, மறுகா த்ரீவீல் அண்ணன் சொன்னாரு, அடிச்சுத் தாறவனுக்குக் கடை மிஞ்சாது எண்டு.

நானாவோட எனக்கு ஒத்துவராத இடம் ஒண்டுதான், அந்த பிளெக்ஸ். அவர்ட நியாயம் விளங்குது, பிள்ளையப் பறிகுடுத்தவ அதால போவா எண்டது பெரிய நியாயம். ஆனா கல்லடியில இருந்து கல்முனை வரைக்கும் ரோட்டப் பாருங்க, எம்பிக்கு வாழ்த்து, தவிசாளருக்கு நன்றி, பாஸ் பண்ணின பிள்ளைக்குப் படம், செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி, தலைவருக்குப் பிறந்தநாள். பெரியாக்களப் புகழ்ற பிளெக்ஸுக்கு மட்டும் சந்தி திறந்து கிடக்கு. பகிடிக்கு வீட்டு அலுமாரி மட்டும்தான் எண்டா சந்திய அவங்களுக்கே எழுதிக் குடுத்த மாதிரித்தானே. மண்டபத்துக்குள்ள கட்டப்போற பிளெக்ஸ்தான் நானா, ரோட்டுக்கு வராது எண்டு சொல்லிப் பாத்தன், மனுசன் இறங்கல்ல.

கடைசியில வழி கண்டது செட்ல இருக்கிற கெம்பஸ் பிள்ளை ஒண்டு. பிளெக்ஸ்ல பஸ் மட்டும் அடிப்பம், கண்டக்டரும் வேணாம் எழுத்தும் வேணாம், பஸ் போற ஊர்ப் பேர் போடுற போர்ட் இருக்கிற இடம் வெறுமை. கண்டக்டர் உயிரோட மேடையில நிக்கட்டும், வாயால கூப்பிடட்டும். இத நானா உடன ஒத்துக்கிட்டாரு, வெறும் பஸ் படத்துக்கு யார் என்ன சொல்றது எண்டு சிரிச்சுக்கிட்டு கீழ் மூலையில கடைப் பேரயும் போட்டாரு. பத்துக்கு எட்டு அடி, கலர் நல்லா வந்திச்சு, ஐலெட் எல்லாம் கிட்டக்கிட்ட அடிச்சு, காத்துக்குக் கிழியல்ல. நாடகம் ஓடக்குள்ள முன்வரிசையில இருந்த கொஞ்சப்பேர் அந்த வெறும் போர்ட்ல தங்கட தங்கட ஊர்ப் பேர வாசிச்சிருப்பாங்க எண்டு நினைக்கிறன், சிரிப்பு ஒவ்வொரு பக்கத்தில ஒவ்வொரு நேரம் வந்திச்சு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். குறைச்சது சொன்ன நாளுக்குத் தராததுக்கு, கரண்ட் போச்சு மசின் ஹெட் அடைச்சு எண்டு காரணம் எப்பயும் இருக்கும், அதால உங்கட நிகழ்ச்சிக்கு நல்லா முந்தியே குடுங்க. மக் கொஞ்சத்தில படம் கைப்பிடிப் பக்கம் சரிஞ்சு வந்திருந்திச்சு, கண்டக்டர்ட டீக்கடை பாதி மறைஞ்சு போச்சு, அத மாத்தித் தந்தாரு. பில் கேட்டாத்தான் எழுதுவாரு, கேளுங்க. விலை ரவுண்ல இருக்கிற கடைகள விடக் கொஞ்சம் குறைவு, கூட எண்ணிக்கை எண்டா இன்னும் குறைப்பாரு. டிசைன பின்னணி இல்லாத பிஎன்ஜியாக் கொண்டு போங்க, வட்ஸ்அப்ல அனுப்பினா படம் நசிஞ்சு போகும், பென்டிரைவ் நல்லம். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீங்க, பூட்டு. பகிடி ஏதும் அடிக்கப் போறீங்க எண்டா கடையில ஆக்கள் குறைஞ்ச நேரம் பாத்துப் போங்க, நானா இருந்து கதைப்பாரு, டீயும் வரும்.